படுக்கையறை இருபத்தொன்று

ஜனவரி 3, சனி

கௌசலா இன்று ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். அங்கே மகள் நிரோஜாவின் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது காரணம். பேரன் கபிலனுக்குப் பதினேழு வயது. மீசை வைத்திருக்கிறான். போன கோடையில் என்னையே காரில் ஏற்றிக்கொண்டு திரிந்தான். ஆனாலும் இங்கே மொன்றியலில் யாராவது என் மனைவி எங்கே என்று கேட்டால் இதைத்தான் சொல்வதாக இருக்கிறேன். நாட்குறிப்பிலும் அதையே எழுதிவைத்தால் பிறகு பேச்சு மாறாது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்.

“மனுசர் இருக்கிற மாதிரி வீடு சூடா இருந்தாத்தான் நான் திரும்பி வருவன். இல்லாட்டி இல்லை. கறிவேப்பிலையைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ.”

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலையை என்னிடம் ஒப்படைத்தாளே தவிர, என்னை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நான் என்ன பெரிய குற்றம் செய்தேன்? வீட்டில் இருக்கும் நாலு ஹீட்டர்களின் திருகிகளையும் பதினாறு பாகையில் வைத்து, யாரும் திருகாமல் மேலே டேப் ஒட்டினேன். அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டது, கக்கத்தில் வைத்து உருக்கித்தான் தலைக்குப் பூசுகிறேன் என்று அழுகிறாள். தேங்காய் எண்ணெய் என்றால் உறையத்தான் செய்யும். கனடாவில் எந்த வீட்டில் உறையாமல் இருக்கிறது?

மின்சாரத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இலங்கையில் மின்சார சபையிலேயே வேலை பார்த்தவன் நான்.

ஜனவரி 5, திங்கள்

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்துநாலு. உள்ளே பதினாறு. நாற்பது பாகை வித்தியாசத்தில் உட்கார்ந்துகொண்டு குளிருகிறது என்று சொல்பவர்களை என்ன செய்வது?

பருப்பும் சோறும் சமைத்தேன். குல்லாய் போட்டுக்கொண்டு சமைப்பதில் ஒரு குறையும் இல்லை. கையுறையோடு வெங்காயம் வெட்டுவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

கௌசலா போன் எடுத்தாள்.

“கறிவேப்பிலை எப்பிடி?”

“இருக்கு.”

“தண்ணி ஊத்தினீங்களே?”

“ஊத்தினனான்.”

இடையில் எனக்கு இருமல் வந்துவிட்டது. காலையில் எழும்பியதிலிருந்தே இருமல்தான். அவள் நான் இருமி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “சரி, வைக்கிறன்” என்று வைத்துவிட்டாள்.

இந்தக் கறிவேப்பிலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும். தொட்டியில் நிற்கிறது, என் நெஞ்சு உயரம். கோடையில் வெளியே, பனி தொடங்கினால் முன்னறையில். குளிர்காலத்தில் அதைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். இந்தத் தெருவில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரு நெட்டு இலைக்காக அவளிடம் வந்து நிற்பார்கள். அவள் ஒரு நெட்டு முறித்துக் கொடுப்பதைப் பார்த்தால் நகைக்கடைக்காரன் தோற்றுப்போவான். அதை உயிரோடு வைத்திருக்காவிட்டால் அவள் திரும்பி வரும் பேச்சே இல்லை.

ஜனவரி 7, புதன்

பரராசசிங்கம் வந்தான். பரா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்குத் தம்பி முறை. எந்த விஷயமானாலும் அதில் அவனுக்கு ஒரு அனுபவம் இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றாமலே தேத்தண்ணி குடித்தான். இந்த வீட்டில் அவன் ஜாக்கெட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

“அக்கா எங்கை, புவனண்ணை?”

“பேரப்பிள்ளையைப் பாக்கப் போட்டா.”

“கபிலனையோ? அவன் போன கிழமை எனக்குப் போன் எடுத்து எந்தக் கார் வாங்கலாம் எண்டு கேட்டவன்.”

நான் இன்னொரு பிஸ்கட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் போனபிறகு நிரோஜாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. அங்கே காலநிலை எப்படி என்றுதான் கேட்டேன். அவள் என் மகள் இல்லையா, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“அப்பா, அம்மா வரவேணுமெண்டா முதல்ல வீட்டைத் திருத்துங்கோ. அந்தப் பழைய திருகி எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் போடுவம். நாலு அறைக்கு நாலு. போனிலயே கூட்டலாம், குறைக்கலாம். ஆளில்லாத நேரம் குறைச்சு விட்டா கரண்டும் மிச்சம்.”

கடைசி வசனத்தை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். விலையைச் சொன்னாள். உட்கார்ந்து நாலால் பெருக்கிப் பார்த்தேன். பிறகு, வாங்கு என்றேன்.

ஜனவரி 10, சனி

நிரோஜா ஏற்பாடு செய்த மின்வேலைக்காரர் வந்து நாலையும் சுவரில் பொருத்திவிட்டுப் போனார். பிரெஞ்சுக்காரர். நான் ஒட்டிய டேப்பை உரிக்க அவருக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. உரிக்கும்போது என்னை ஒருமுறை பார்த்தார்.

போகும்முன் ஒவ்வொரு ஹீட்டராகக் கூட்டிப்போய்க் காட்டி, நிறையச் சொன்னார். படுக்கையறையில் சுவர் அடியோடு நீளமாகப் படுத்திருக்கும் ஹீட்டருக்கு முன்னால் விரலைப் படபடவென்று ஆட்டினார். முன்னறையில் சுவருக்குள் விசிறி வைத்த ஹீட்டருக்கு முன்னால் கையை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். குளியலறையில் தரைக்கு அடியில் சூட்டுக் கம்பி ஓடுகிறது. அங்கே குனிந்து தரையைத் தட்டி, “இது, இது” என்பதுபோல ஏதோ சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் “வி, வி” என்றேன். முப்பது வருடமாக இந்த ஊரில் “ஆம்” என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். இன்றைக்கும் ஓடியது.

ஜனவரி 11, ஞாயிறு

இனி அந்த நாலு தெர்மோஸ்டாட் பெட்டிகளுக்குள்ளும் விபரங்களைப் போடவேண்டும். பராவைக் கூப்பிட்டேன். நிரோஜா ரொறன்ரோவிலிருந்தே கணக்குத் திறந்து, என் கைபேசியில் செயலியை இறக்க வழி சொன்னாள்.

“வீட்டில எல்லாருக்கும் போட்டிருக்கிறன், அப்பா” என்றாள்.

நல்லது என்றேன். இந்த வீட்டில் எல்லோரும் என்றால் நான் ஒருவன்தானே.

செயலியைத் திறந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, உன்னுடைய ஹீட்டர் என்ன வகை என்பது. பராவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“வகையோ? சூடு தாற வகை எண்டு போடுங்கோ.”

“அப்பிடி ஒண்டு இல்லை, பரா. சுவரடி, கொன்வெக்டர், விசிறி எண்டு இருக்கு. குளியலறைப் பெட்டியில, காத்தை அளக்கிறதோ நிலத்தை அளக்கிறதோ எண்டும் கேக்குது.”

“அண்ணை, ஒரு வீட்டில நாலு பிள்ளைக்கு நாலு சட்டமோ? எல்லாத்துக்கும் மேல நிக்கிறதையே அமத்துங்கோ.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாம் கரண்டில் ஓடுவதுதானே. மூன்றுக்கும் ‘சுவரடி’ என்று அமத்தினேன். குளியலறைக்குக் ‘காற்று’. பகலில் இருபது, படுக்கும்போது பதினாறு என்று மனதுக்குள் ஒரு தீர்மானம். இரவில் போர்வைக்குள் கிடப்பவனுக்கு எதற்குச் சூடு?

ஜனவரி 12, திங்கள்

டக். உர்ர்ர். டக். உர்ர்ர். டக். முன்னறையில் இருக்க முடியவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

குளித்துவிட்டுத் தரையில் கால் வைத்தேன். தீமிதிப்புத் திருவிழாவில்கூட ஆட்கள் என்னைப்போலத் துள்ளியிருக்க மாட்டார்கள். துவாயை விரித்து அதன்மேல் நின்றேன். துவாயும் சுட்டது. பிறகு கொமோட்டின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். தரை இப்படிக் கொதிக்கிறது. காற்று மட்டும் சில்லென்றுதான் இருக்கிறது. இது என்ன கோலம்?

பராவுக்குப் போன் அடித்தேன்.

“புதுசெண்டா அப்பிடித்தான் அண்ணை. பழகும்.”

“தரை பழகுமோ, நான் பழகிறதோ?”

“ரெண்டும்.”

ஜனவரி 14, புதன்

பொங்கல். தனியாகப் பொங்கினேன். பானை பொங்கி வழிந்து மின்அடுப்பின் சிவந்த வளையத்தில் ஊற்றி, குசினி முழுக்கப் புகை. புகைக்கு அலறும் கருவி அலறியது. மேல்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். எந்தத் திசையில் பொங்கியது என்று பார்க்கவில்லை. எல்லாத் திசையிலும்தான்.

கௌசலாவுக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொன்னேன். அவளும் சொன்னாள். “கறிவேப்பிலை எப்பிடி?” என்றாள். நல்லாய் இருக்கிறது என்றேன்.

அது பொய். இலை கொட்டத் தொடங்கிவிட்டது.

ஜனவரி 16, வெள்ளி

முன்னறையில் தரையெல்லாம் கறிவேப்பிலை. கூட்டி அள்ளினால் ஒரு கல்யாண வீட்டுச் சமையலுக்குக் காணும். மரத்தில் இருப்பதைவிடக் கீழே கிடப்பது அதிகம். இது போனால் அவளும் போனதுதான். வேறு எதைக் காட்டி அவளைக் கூப்பிடுவது? என்னைக் காட்டியா?

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வந்த புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தேன். விஷயம் இதுதான்.

சுவரடி ஹீட்டருக்குள் அசையும் சாமான் ஒன்றும் இல்லை. வெறும் கம்பி. அதனால் அதற்குக் கரண்டை மிடறு மிடறாகக் கொடுக்கலாம். சில விநாடிக்கு ஒருதரம் விட்டு நிறுத்தி, விட்டு நிறுத்தி. சத்தமில்லாமல் ஒரே சீராகச் சூடு வரும். குசினியில் இருக்கும் கொன்வெக்டரும் கிட்டத்தட்ட அதே சாதிதான். ஆனால் விசிறி ஹீட்டருக்கு மோட்டர் இருக்கிறது. அதை விநாடிக்கு விநாடி எழுப்பி உட்கார்த்தினால் அது உயிரை விட்டுவிடும். ஓடினால் நீண்ட நேரம் ஓடவேண்டும், நின்றால் நீண்ட நேரம் நிற்கவேண்டும். குளியலறையில் அளக்கவேண்டியது காற்றை அல்ல, நிலத்தை. காற்று இருபதுக்கு வரும்வரை நிலத்தைச் சூடாக்கு என்றால் அது பாவம் என்ன செய்யும்? சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் விரலைப் படபடவென்று ஆட்டியதும், கையை மெதுவாகக் கொண்டுபோனதும், தரையைத் தட்டியதும் இப்போது விளங்கியது. மனுசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் “வி” சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் மாற்றினேன். நாலு பிள்ளைக்கு நாலு சட்டம். டக்டக் நின்றது. கறிவேப்பிலையை விசிறியின் வரண்ட காற்றிலிருந்து தூக்கி, படுக்கையறை யன்னலோரம் வைத்தேன். தொட்டியைத் தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜனவரி 18, ஞாயிறு

பரா வந்தான். கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருந்தவன், தன்னையறியாமல் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். உள்ளே நீலக் கோடு போட்ட சட்டை.

“நான் சொன்னமாதிரியே போட்டது நல்லதாப் போச்சு, என்ன?” என்றான்.

நான் அவன் குடித்த கோப்பையை எடுத்துக் கழுவினேன். கௌசலாவுக்குக் கறிவேப்பிலையின் படம் அனுப்பினேன், இலை இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்து. “ஏன் படுக்கையறைக்கு மாத்தினீங்கள்?” என்று எழுதினாள். “அங்கை அதுக்கு நல்ல வெளிச்சம்” என்று எழுதினேன்.

ஒரு விஷயம் குறித்துவைக்க வேண்டும். இரவு படுக்கையறையைப் பதினாறில் விட்டுத்தான் படுத்தேன். எழும்பிப் பார்த்தால் இருபத்தொன்று. என் கை பட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

கை படவில்லை. நேற்றும் இருபத்தொன்று. இன்றும் இருபத்தொன்று.

செயலியில் பார்த்தேன். விடிய ஐந்து மணிவரை பதினாறு. அதற்குப் பிறகு யாரோ ஏணியில் ஏறுவதுபோல ஏறுகிறது. இந்த வீட்டில் ஐந்து மணிக்கு எழும்புகிற ஆள் ஒருத்திதான். எழும்பி, சாமி விளக்கை ஏற்றி, திருநீறு பூசிக்கொண்டு குசினிக்குப் போவாள். அவளும் இப்போது இங்கே இல்லை. பிறகு எப்படி?

பராவைக் கேட்டேன். இவை முன்கூட்டியே சூடாக்கும் பழக்கம் உள்ளவை, நாங்கள் எழும்பும் நேரத்தைத் தாங்களாகவே படித்துவைத்திருக்கும் என்றான். புத்தகத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அதை நிறுத்திவிட்டேன். என் வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் என்னைப் படிக்கக்கூடாது.

இருமல் குறைந்திருக்கிறது. போன கிழமை வாங்கிய புது மருந்து நன்றாக வேலை செய்கிறது.

ஜனவரி 21, புதன்

திரும்பவும் இருபத்தொன்று. எனக்கு விசர் பிடித்தது. யாரோ வெளியிலிருந்து வைஃபைக்குள் புகுந்து என் கரண்டில் விளையாடுகிறான். மேல்மாடிக்காரர்மேல் எனக்கு ஒரு சந்தேகம். பொங்கல் கொடுத்தபோது அவர் தெர்மோஸ்டாட்டை உற்றுப் பார்த்தார்.

வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இனி வரட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 22, வியாழன்

காலையில் பதினாறு. பல்லைக் கிட்டிக்கொண்டு எழும்பினேன். இருமல் திரும்பிவிட்டது. ஆனாலும் வெற்றி.

வெற்றி ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கைபேசி அடித்தது. நிரோஜா, நித்திரைக் குரலில்.

“அப்பா, ஓகேயா இருக்கிறீங்களா? வீடு முழுக்க ஓஃப்லைன் எண்டு காட்டுதாம்.”

“நான் கடவுச்சொல்லை மாத்தினனான். ஆருக்குக் காட்டுதாம்?”

அந்தப் பக்கம் யாரோ குசுகுசுத்தார்கள்.

“ஆருக்கு, நிரோஜா?”

“அம்மாதான் பயந்துபோனா. அஞ்சு மணியில இருந்து போனைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறா.”

“அம்மாவின்ர போனில உது எப்பிடி வந்தது?”

“அப்பா, நான் சொன்னனான்தானே. வீட்டில எல்லாருக்கும் போட்டிருக்கிறன் எண்டு.”

பின்னாலே கௌசலாவின் குரல் கேட்டது. “சொல்லாதை எண்டு சொன்னனான்” என்றாள்.

புது வைஃபையோடு நாலு பெட்டிகளையும் திரும்ப இணைக்க மத்தியானமாகிவிட்டது. அவற்றுக்கும் கடவுச்சொல் தெரியாது என்பது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும். பராவுக்கு நடந்ததைச் சொன்னேன். மின்சார சபையில் இருந்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று சிரித்தான்.

“அங்கை நீங்கள் என்ன வேலை அண்ணை?”

“காசாளர்” என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

நாள் முழுக்க யோசித்தேன். அதிசயமாக ஒன்றும் இல்லை. கறிவேப்பிலை படுக்கையறையில் நிற்கிறது. விடியப்புறம்தான் குளிர் அதிகம். கறிவேப்பிலைக்கு ஆகாது என்று அவள் ஐந்து மணிக்கு எழும்பி, அங்கிருந்தே படுக்கையறையைச் சூடாக்குகிறாள். அவ்வளவுதான் விஷயம். அதே அறையில் நானும் படுத்திருக்கிறேன் என்பது தற்செயல்.

எனக்கு மனம் நொந்துபோயிற்று. ஒரு செடிக்காகப் படுக்கையை விட்டு எழும்புகிறாள். நாற்பத்திரண்டு வருடம் கூட இருந்தவனை ஒரு வார்த்தை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று பின்னேரம் தொட்டியை உருட்டி உருட்டிக் குசினிக்குக் கொண்டுபோய் வைத்தேன். இடுப்பு இரண்டாவது தடவை பிடித்தது. படம் எடுத்து அனுப்பினேன். “இனி இஞ்சைதான் நிக்கும்” என்று எழுதினேன். பார்த்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

குசினியையும் பதினாறில் விட்டேன். படுக்கையறையையும் பதினாறில் விட்டேன். படுத்தேன்.

ஜனவரி 24, சனி

குசினி இருபத்தொன்று. நான் சொன்னேனா இல்லையா? செடி போன இடத்துக்குச் சூடும் போயிருக்கிறது. கசப்போடு கோப்பி போட்டேன்.

படுக்கையறைக்குத் திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

படுக்கையறை இருபத்தொன்று.

அங்கே கறிவேப்பிலை இல்லை. வேறு ஒரு செடியும் இல்லை. அந்த அறையில் இருப்பது ஒரு கட்டில், ஒரு அலுமாரி, நான். அலுமாரிக்குக் குளிராது. கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். கோப்பி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. யார் பார்த்தார்கள்?

ஜனவரி 25, ஞாயிறு

இரவு வேண்டுமென்றே பதினைந்துக்கு இறக்கிவிட்டேன். காலையில் இருபத்திரண்டு. எனக்கு வந்த சிரிப்பில் திரும்பவும் இருமினேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இந்த விளையாட்டை நேற்றோடு நிறுத்தினேன். அவள் அங்கே தினமும் ஐந்து மணிக்கு, இருட்டில், மற்றவர்கள் எழும்பாமல் கைபேசியைத் தடவிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கும் அறுபத்தாறு வயது. நேற்று இரவு நானே செயலிக்குள் போய், விடிய ஐந்து மணிக்குப் படுக்கையறை இருபத்தொன்றாக வேண்டும் என்று நேரம் போட்டுவைத்தேன். என் வாழ்க்கையில் நானாக விரும்பிக் கூட்டிய முதல் சூடு இது.

ஐந்தேகாலுக்குப் போன் வந்தது.

“இஞ்சேருங்கோ, நான் திறக்க முந்தியே அறை இருபத்தொண்டில நிக்குது.”

“ஓம். நான்தான் நேரம் போட்டு வைச்சனான்.”

“ஏன்?”

“நீர் நித்திரை கொள்ளவேணும் எண்டுதான்.”

அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இப்படிச் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு முன்பெல்லாம் நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன். பிறகு வழக்கமான கேள்வி வந்தது.

“கறிவேப்பிலை எப்பிடி?”

துளிர் விட்டிருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மையிலேயே இரண்டு துளிர் விட்டிருந்தது. வாயில் வந்தது வேறு.

“அது உம்மைத் தேடுது.”

“கறிவேப்பிலையோ?”

“ஓம். கறிவேப்பிலைதான்.”

“சரியாத் தேடுதோ?”

“சாப்பாடும் இறங்குதில்லையாம்.”

அவள் சிரித்த சத்தத்தில் யாரோ பின்னால் எழும்பி என்ன என்று கேட்டார்கள்.

“சரி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில வாறன். உங்கட கறிவேப்பிலையை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கச் சொல்லுங்கோ. குல்லாய் போட்டுக்கொண்டு வரட்டும்.”

ஜனவரி 29, வியாழன்

வீடு கூட்டினேன். மொப் அடித்தேன். குளியலறைத் தரையை வெறுங்காலால் சோதித்தேன், இளஞ்சூடு. தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் குசினிக் கொன்வெக்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். உருகிவிட்டது.

ஜனவரி 30, வெள்ளி

பஸ் பிந்தித்தான் வந்தது. குல்லாயோடு நின்றேன். இறங்கியவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “மெலிஞ்சுபோனியள்” என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

அவள் வருகிறாள் என்று முன்னறை, குசினி, படுக்கையறை எல்லாவற்றையும் இருபத்துமூன்றில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் கோட்டைக் கழற்றினாள். சால்வையைக் கழற்றினாள். சுவெட்டரையும் கழற்றினாள். எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். கறிவேப்பிலைக்கு முன்னால் போய் நின்று, மொட்டையாகிப்போன பக்கத்தைத் தானே தன் பக்கம் திருப்பி, நிறைய நேரம் பார்த்தாள். நான் அடுத்த அறைக்கு நழுவப் பார்த்தேன்.

“இஞ்சேருங்கோ.”

நின்றேன்.

“இதென்ன இது, வீடு கிடந்து அவியுது. கரண்ட் காசு ஆர் கட்டிறது? குறையுங்கோ.”

குறைத்தேன். அந்த ஐந்து மணிக்கு நேரம் போட்டதையும் அழிக்கச் சொன்னாள். ஆள் வீட்டில் இருக்கும்போது மெசினுக்கு என்ன வேலை என்றாள். அழித்தேன்.

கறிவேப்பிலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். இரண்டு துளிரையும் விட்டுவிட்டு, பழைய இலையில் ஒன்றே ஒன்றை முறித்துப் போட்டாள்.

ஜனவரி 31, சனி

விடிய ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. குளிர்ந்தது. சுவரைப் பார்த்தேன், படுக்கையறை பதினாறு. ஏற்றிவிட ஆளில்லை. ஏற்றிவிடுகிற ஆள் ஐந்து மணிக்கு எழும்பாமல், முழுப் போர்வையையும் தன் பக்கம் இழுத்துச் சுருட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

கைபேசியை எடுத்து நானே இருபத்தொன்று ஆக்கினேன்.